பகலில பூட்டும், இரவில பூட்டாது: ஒரு டிக்கிக் கதவுச் சுவிச்சின்ர கேஸ்

வண்டி ஜப்பான் ரீகண்டிஷன் எஸ்யூவி, சுவிச்சை அமத்தினா டிக்கிக் கதவு மோட்டரில தானா ஏறி இறங்கிற வகை. கிளிநொச்சியில ஹயர் ஓடுது. முக்கால்வாசி ஓட்டம் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு, வெளிநாட்டில இருந்து வாற ஆக்களையும் அவையின்ர பெரிய பெட்டியளையும் ஏத்திக்கொண்டு ஏ9 ஆல வந்து பரந்தனில திரும்பி தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எண்டு உள்ளுக்க கொண்டுபோய் இறக்கிறது, வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் எண்டா அந்தப் பக்கம் ஓயாத ஓட்டம். அதாவது இந்தக் கதவு ஒரு நாளைக்கு எத்தினை தரம் ஏறி இறங்கும், எவ்வளவு கிரவல் புழுதி குடிக்கும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ.

வண்டிக்கார அண்ணை சொன்ன முறைப்பாடு ஒரே வரிதான். "தம்பி, டிக்கிச் சுவிச் பழுது, நல்ல சுவிச் ஒண்டு போட்டு விடு."

ஆனா சுவிச் ஏற்கெனவே மாத்தியாச்சு. வேற இடத்தில காட்டி, முதல்ல நம்பர் பிளேட்டுக்கு மேல இருக்கிற திறக்கிற சுவிச்சை மாத்தி, அது சரிவரேல்ல எண்டு கதவின்ர கீழ் விளிம்பில இருக்கிற பூட்டுற சுவிச்சையும் கொழும்பில பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில இருந்து பாவிச்சது ஒண்டு எடுப்பிச்சு மாத்தி, அதுக்கும் அடங்காமப் போக கடைசியா "மோட்டர் வீக், ரெண்டு பக்கமும் மாத்தவேணும்" எண்டு சொல்லியிருக்கினம். மோட்டர் விலையைக் கேட்டிட்டுத்தான் ஆள் இஞ்ச என்னட்ட வந்தது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து 2025 பெப்ரவரியில தனியார் வாகனத்துக்குத் திருப்பித் திறந்து விடும்வரைக்கும் இருக்கிறதை வச்சுத்தான் எல்லாரும் ஓடினது, இப்ப திறந்தும் விலையைப் பாத்தா பழசையே திருத்தி ஓடுறதுதான் புத்தி, அதால இந்த மாதிரி வயசுபோன எலக்ரிக் வேலையள் இனிக் கனக்க வரும்.

வோல்டேஜ், தடை அளக்கிற மீற்றரைத் தூக்க முதல் ஆளை இருத்திக் கதைக்க வேணும், அதில அரைவாசி வேலை முடியும். என்ன நேரத்தில பூட்டுதில்லை, அமத்தேக்க பீப் சத்தம் வருதா இல்லையா, ரிமோட்டால பூட்டினா பூட்டுதா, நடுவழியில திரும்பி ஏறுதா எண்டு ஒவ்வொண்டாக் கேக்கக் கேக்கத்தான் ஆள் இழுத்து இழுத்துச் சொன்னவர். இரவில ஆக்களை வீட்டு வாசலில இறக்கேக்கதான் கூடுதலா வாறது, கதவு மேல நிக்கும், கீழ் விளிம்புச் சுவிச்சை அமத்தினா ஒரு சத்தமும் இல்லை அசைவும் இல்லை, ரிமோட்டை அமத்தினா உடன பூட்டும். பகலில அதே சுவிச் வேலை செய்யும். ஆனா பகலிலயும் நல்ல வெய்யில் நேரம் கதவு இறங்கிக்கொண்டு வந்து பாதியில பீப் பீப் எண்டு அடிச்சுத் திரும்பி ஏறிப்போகும், அது ரிமோட்டால பூட்டினாலும் வரும். விடியக்காலமையில இந்தப் பிரச்சினை இல்லை.

இதைக் கேட்டவுடனயே எனக்கு இது ஒரு வருத்தம் இல்லை ரெண்டு எண்டு பட்டுட்டுது.

ஏனெண்டா இந்தக் கதவில நாங்கள் அமத்திற சுவிச் ஒண்டும் மோட்டருக்கு நேரை கரண்ட் குடுக்கிறேல்ல. டாஷ்போர்ட்டில இருக்கிறது, வெளியில கைபிடியில இருக்கிறது, கீழ் விளிம்பில இருக்கிறது, ரிமோட், எல்லாமே கொன்ட்ரோல் யூனிட்டுக்கு, அதாவது கதவை நடத்திற சின்னக் கொம்பியூட்டருக்கு, ஒரு கோரிக்கை அனுப்புறது மட்டும்தான். யூனிட் அதைக் கேட்டிட்டு மற்றப் பக்கம் பாக்கும்: கியர் பார்க்கில நிக்குதா, வண்டி நிண்டபடி இருக்கா, பற்றரி வோல்டேஜ் காணுமா, பூட்டு என்ன நிலையில கிடக்கு, விளிம்பில ஆராவது கையை வச்சிருக்கினமா எண்டு. எல்லாம் சரியெண்டாத்தான் மோட்டரைச் சுத்தும். இந்த வண்டியில கோரிக்கை கேட்டு யூனிட் மறுத்தா பீப் அடிக்கும். கோரிக்கையே போய்ச் சேரேல்ல எண்டா அமைதி. இரவில வாறது அமைதி, மத்தியானம் வாறது பீப். ரிமோட்டால இரவில பூட்டுது எண்டா மோட்டர், பூட்டு, பியூஸ், யூனிட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கீழ் சுவிச்சில இருந்து யூனிட் வரைக்கும் உள்ள பாதையில மட்டும்தான் கோளாறு. ரெண்டு மோட்டர் மாத்தச் சொன்ன ஆள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தா அந்தக் கதையே வந்திராது.

வழக்கமாப் பாக்கிற சின்ன விசயங்களை ஒருக்காப் பாத்து விட்டன். கிளவ் பொக்ஸுக்குள்ள பவர் கதவை ஓஃப் பண்ணுற ஒரு சுவிச் சில வண்டியளில இருக்கு, புத்தகம் பேப்பர் வைக்கேக்க தட்டுப்பட்டு ஓஃப் ஆகிடும், அதுக்காகவே முல்லைத்தீவில இருந்து ஓடிவந்த ஆக்கள் இருக்கினம், காசு வாங்க எனக்கே வெக்கமாக் கிடந்தது. இதில அது ஓன். பற்றரி நிண்டபடி 12.4 வோல்ட், குறையில்லை. வெளிச் சுவிச்சுக்கு மேல இருக்கிற றபர் வெடிச்சு செம்மண்ணும் எறும்பும் உள்ளுக்க போயிருக்கிறது எங்கட பக்கம் சாதாரணம், இதில புதுசு போட்டபடியா அதுவும் நல்லம்.

பிறகு வண்டியின்ர கொம்பியூட்டரை வாசிக்கிற ஸ்கானரைக் கொழுவி, யூனிட் அந்தந்தக் கணம் என்ன காணுது எண்டு காட்டுற லைவ் டேட்டாவில பூட்டுற சுவிச்சின்ர வரியைத் திறந்து வச்சிட்டு கதவை மேல ஏத்தி விட்டு பெடியனை அமத்தச் சொன்னன். ஓன், ஓஃப், ஓன், ஓஃப், பத்தும் சரி. பகல்தானே. இஞ்சதான் கன பேர் விட்டுட்டுப் போறது, சுவிச் நல்லம் வயர் நல்லம் எண்டு. இரவுக்கும் பகலுக்கும் வண்டியில என்ன வித்தியாசம்? இருட்டுக்கு வயர் பயப்பிடாது. வித்தியாசம் லைட். பார்க் லைட்டை ஓன் பண்ணி திருப்பி அமத்தச் சொன்னன். வரி ஓஃபிலயே நிண்டுது. எத்தினை தரம் அமத்தினாலும் ஓஃப். லைட்டை ஓஃப் பண்ண திருப்பி வேலை செய்யுது. வண்டிக்கார அண்ணை "தம்பி, லைட்டுக்கும் டிக்கிக்கும் என்ன சம்பந்தம்" எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறார். அப்ப நம்பர் பிளேட் லைட்டைப் பாத்தன், கதவு மேல நிக்கேக்க மஞ்சளா மங்கலா எரியுது, கதவைக் கையால பாதிக்கு இறக்கினா பளிச்செண்டு வருது. கதவு மேல நிக்கேக்க நம்பர் பிளேட் லைட்டை ஆரும் குனிஞ்சு பாக்கிறேல்ல, அதால ஒருத்தரும் கவனிக்கேல்ல.

சம்பந்தம் எர்த், அதாவது கரண்ட் வண்டியின்ர தகர உடம்பால (பொடியால) பற்றரிக்குத் திரும்பிப் போற வழி. கதவுக்குள்ள இருக்கிற சுவிச்சுக்கும் நம்பர் பிளேட் லைட்டுக்கும் இந்த வண்டியில ஒரே எர்த் வயர், அது கதவில இருந்து பிணைச்சலுக்குப் பக்கத்தில இருக்கிற றபர் குழாய்க்குள்ளால பொடிக்குப் போகுது. பிணைச்சலை நம்பி எர்த் எடுக்கிறேல்ல, பெயின்ற்றும் கிறீசும் இருக்கிற இடம் அது.

மீற்றரில பாத்த கணக்கைச் சொல்லுறன். கீழ் சுவிச்சின்ர கொனெக்டரைக் கழட்டாமல் பின்னால ஊசி குத்தி, எர்த் பின்னுக்கும் பொடியில ஒரு நல்ல எர்த்துக்கும் இடையில வோல்டேஜ் பாத்தது. கதவு மேல, லைட் ஓஃப், சுவிச்சை அமத்தினபடி 0.02 வோல்ட். கதவு மேல, லைட் ஓன், 3.4 வோல்ட். கதவு கீழ, லைட் ஓன், 0.1 வோல்ட். இது மூண்டும் போதும். யூனிட் தன்ர பக்கத்தில இருந்து சுவிச் வயருக்கு 12 வோல்டுக்கிட்டக் குடுத்து வச்சிருக்கும், சுவிச்சை அமத்தினா அது எர்த்தில இறங்கி 0 வுக்குக் கிட்ட வரவேணும், வந்தாத்தான் அமத்தினது எண்டு எடுக்கும். எர்த்தே 3.4 இல நிண்டா சுவிச் எவ்வளவு புதுசா இருந்தாலும் அதுக்குக் கீழ இறக்க ஏலாது, இந்த யூனிட்டுக்கு அது காணாது.

இப்ப அந்த வயருக்குள்ள எவ்வளவு தடை எண்டு பாருங்கோ. நம்பர் பிளேட்டில 5 வாட் பல்ப் ரெண்டு, அது ரெண்டும் சேந்து இழுக்கிறது முக்கால் அம்பியருக்குக் கிட்ட, 3.4 வோல்ட் அதில விழுது எண்டா தடை 5 ஓம் அளவில. சுவிச் மட்டும் இருந்தா அதில ஓடுற கரண்ட் சில மில்லி அம்பியர்தான், 5 ஓமில அது ஒண்டும் தெரியாது, அதாலதான் பகலில வேலை செய்தது. மீற்றரைக் கொன்ரினியூட்டியில, அதாவது வயர் தொடர்ந்து இருந்தா பீப் அடிக்கிற நிலையில, வச்சு வயரின்ர ரெண்டு முனையையும் பிடிச்சா 5 ஓமுக்கு பீப் எண்டு கத்தும், கன மீற்றர் 30 ஓம் 50 ஓம் வரைக்கும் கத்தும். முதல் பாத்த ஆள் அந்தப் பீப்பைக் கேட்டிட்டுத்தான் "வயர் ஓகே" எண்டிருக்கிறார், அதுவும் கதவு எந்த உயரத்தில நிக்கேக்க பிடிச்சாரோ. என்ர கருத்து, கதவு வயருக்குப் பீப் ரெஸ்டை நம்பவே கூடாது, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கேக்க, பிரச்சினை வாற உயரத்தில கதவு நிக்கேக்க, வோல்டேஜ் எவ்வளவு விழுது எண்டுதான் பாக்கவேணும். ஆனா ஒண்டு, யூனிட்டுக்குப் போற சிக்னல் வயரில பல்ப் ரெஸ்டர் கொழுவிப் பாக்கிற பழக்கம் இருந்தா விடுங்கோ, டிஜிட்டல் மீற்றர் மட்டும்தான். இந்தக் கேஸில எர்த்துக்கு லோட் குடுத்தது வண்டியின்ர சொந்தப் பல்ப்தான், எங்களுக்கு வேலை மிச்சம். அண்ணை ஸ்டைலுக்கு நம்பர் பிளேட்டுக்கு எல்இடி போட்டிருந்தா அது இழுக்கிற கரண்ட் சொட்டுத்தான், இந்த நோய் இன்னும் கொஞ்சக் காலம் ஒளிச்சிருந்து வயர் முழுசா அறுந்த பிறகு வந்திருக்கும்.

இன்னொண்டு, இந்த அளவை எடுக்கேக்க சிக்னல் வயரையும் சுவிச் பக்கத்தில பாத்து வைக்கிறது நல்லம். அமத்தாமல் இருக்கேக்க அதில 12 இருக்கவேணும். அங்க ஒண்டும் இல்லையெண்டா சிக்னல் வயர் அறுந்தது, 12 இருந்து அமத்தினாலும் இறங்கேல்ல எண்டா சுவிச் அல்லது எர்த். கதவு முழுக்கப் பிரிக்காமலே எந்த வயர் எண்டு தெரிஞ்சிடும்.

பற்றரியைக் கழட்டிட்டு றபர் குழாயை ரெண்டு பக்கமும் இழுத்தெடுத்தது. கூரை லைனிங்கைத் தளத்தேக்க அந்த ஓரத்தால கேட்டின் எயார்பாக் (பக்கக் கண்ணாடியளுக்குத் திரை மாதிரி விரியிற காத்துப் பை) போகும், அதின்ர மஞ்சள் கொனெக்டர் கண்டா கை வைக்காதேங்கோ, பற்றரி கழட்டிக் கொஞ்ச நேரம் விட்டிட்டுத் தொடங்குங்கோ. வயரெல்லாம் வெளியால பாக்க நல்ல வடிவா இருந்துது, ஒரு வெடிப்பும் இல்லை. இப்பிடி இருக்கேக்க ஒவ்வொரு வயரையும் தனியப் பிடிச்சு மெதுவா இழுத்துப் பாக்கவேணும், செப்பு உள்ளுக்க அறுந்திருந்தா மேல்தோல் மட்டும் றபர் பாண்ட் மாதிரி நீளும். எர்த் வயர் நீண்டுது. வெட்டிப் பாத்தா ஒண்டு ரெண்டு இழையைத் தவிர மிச்சமெல்லாம் அறுந்து பச்சை பிடிச்சுக் கிடக்கு. கதவு கீழ நிக்கேக்க அறுந்த இழையள் ஒண்டோடொண்டு முட்டி நிக்கும், மேல போக விலகும். பக்கத்தில இன்னும் ரெண்டு வயர் தோல் வெடிக்கிற நிலையில இருந்துது, அதையும் விட்டு வைக்கேல்ல.

இதில சோல்டர் பிடிக்காதேங்கோ. சோல்டர் செப்புக்குள்ள ஊறி அந்த இடம் கம்பி மாதிரி விறைச்சிடும், மடங்கிற இடத்தில அந்த விறைப்பின்ர ஓரத்தில திருப்பி அறும். முறுக்கி ரேப் சுத்துறதைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை. மெல்லிய இழை கனக்க உள்ள இளகின வயர் எடுத்து, றபர் குழாயின்ர முழு நீளத்துக்கும் புது வயரே போறமாதிரி விட்டு, மூட்டு ரெண்டு பக்கமும் குழாய்க்கு வெளியில, கதவுக்குள்ளயும் கூரைக்குள்ளயும், ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு வராமல் தள்ளித் தள்ளி, கிறிம்ப் அடிச்சு (சின்ன உலோகக் குழாயை நசிச்சு வயரை இறுக்கி) சூட்டில சுருங்கிற குழாய் போட்டது. றபர் குழாயின்ர உதட்டைத் தகரத்தில சரியா இருத்தவேணும், அதில அவசரப்பட்டா மாரி மழைக்குத் தண்ணி வயரோட ஓடி நேரை கூரைக்குள்ளயும் பூட்டுக்குள்ளயும் இறங்கும், பேந்து அது வேற கேஸ். பற்றரியைத் திருப்பிக் கொழுவி, கதவு மேல, லைட் ஓன் எண்டு பாக்க 0.03 வோல்ட். லைவ் டேட்டாவில சுவிச் இரவு பகல் பாராமல் ஓன் ஓஃப்.

அடுத்தது மத்தியான வருத்தம்.

பாதியில திரும்பி ஏறுற கதவுக்கு நான் முதல் பாக்கிறது எந்த உயரத்தில திரும்புது எண்டு. எப்பவும் கடைசி ரெண்டு அங்குலத்திலதான் திரும்புது எண்டா பூட்டுக்குள்ள இருக்கிற சுவிச்சில சந்தேகம். கதவு இறங்கி அரைப்பூட்டில விழுந்தவுடன அதுக்குள்ள இருக்கிற சின்ன சுவிச் யூனிட்டுக்குச் சொல்லவேணும், சொன்னாத்தான் பூட்டு மோட்டர் மிச்சத்தை இழுத்து முழுசா இறுக்கும், சொல்லேல்ல எண்டா என்னவோ இடையில மாட்டிட்டுது எண்டு நினைச்சு யூனிட் திருப்பி ஏத்தும். இதில அப்பிடி இல்லை, ஒருக்கா இடுப்பளவில, ஒருக்கா முழங்காலளவில எண்டு கண்டபாட்டுக்குத் திரும்புது. வண்டியை வெய்யிலுக்குள்ள விட்டுட்டு லைவ் டேட்டாவில விளிம்பு உணரி ரெண்டையும் பாத்துக்கொண்டு பூட்டினன். இடப்பக்கம் அப்பப்ப ஓன் எண்டு மின்னிப்போட்டு மறையுது, மின்னின அதே கணம் கதவு திரும்புது.

விளிம்பு உணரி எண்டது கதவின்ர ரெண்டு கரையிலயும் ஓடுற றபர் பட்டி, உள்ளுக்க கரண்ட் கடத்திற ரெண்டு கோடு இடைவெளி விட்டு ஓடும், கடைசி முனையில ஒரு ரெசிஸ்டர், அதாவது குறிப்பிட்ட அளவு தடை குடுக்கிற சின்னச் சாமான். சும்மா இருக்கேக்க யூனிட் அந்த ரெசிஸ்டரைக் காணும், கை பட்டு நசிஞ்சா ரெண்டு கோடும் முட்டித் தடை 0 வுக்குக் கிட்டப் போகும், பட்டி அறுந்தா அந்த ரெசிஸ்டரே தெரியாது. அதால யூனிட்டுக்கு நல்லது, நசிஞ்சது, அறுந்தது மூண்டும் தெரியும். அதுவும் ஒரு சுவிச்தான், நீட்டுச் சுவிச். ரெசிஸ்டர் எவ்வளவு எண்டது வண்டிக்கு வண்டி மாறும், புத்தகம் இல்லையெண்டா மற்றப் பக்கத்துப் பட்டியோட ஒப்பிட்டுப் பாருங்கோ. இதில வலப்பக்கம் 1 கிலோ ஓம், ஆடாமல் அசையாமல். இடப்பக்கமும் 1 கிலோ ஓம்தான், ஆனா கதவைத் தட்டினா 40 ஓமுக்கு விழுந்து திருப்பி ஏறுது. விரலால தடவிக்கொண்டு போக கீழ்ப்பக்கம் ஓரிடம் சப்பளிஞ்சு கிடந்துது. பெரிய பெட்டியளை அடுக்கி, வெளியில துருத்திக்கொண்டு நிக்க அப்பிடியே கதவை இறக்கி இறக்கி வந்த காயம், கனடாப் பெட்டி லண்டன் பெட்டி எல்லாம் சேந்து செய்த வேலை. வெக்கைக்கு றபர் இளகினா கோடு ரெண்டும் கிட்ட வந்திடும், பிறகு கதவு கொஞ்சம் அதிரவே முட்டுது, விடியக்காலமையில அந்த இடைவெளி தப்பி நிக்குது எண்டுதான் நான் விளங்கிக்கொண்டது.

அண்ணைக்கு எங்கயோ கேள்விப்பட்ட கதை ஒண்டு இருந்துது. பட்டியைக் கழட்டிட்டு கொனெக்டரில ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் குத்தி விட்டா யூனிட் எப்பவும் நல்லது எண்டு நினைக்கும், பட்டிச் செலவு மிச்சம். வேலை செய்யும், உண்மை. ஆனா அந்தக் கதவு இறங்கேக்க பக்கத்தில நிக்கிறது பெட்டி இறக்கிற சின்னப் பிள்ளையள், செய்ய மாட்டன் எண்டு நேரை சொல்லிட்டன். "அப்ப பட்டியை எடுப்பி" எண்டார். கொழும்பில இருந்து பஸ்ஸில பாவிச்ச பட்டி பார்சலில வந்துது, வந்தவுடன பூட்டாமல் முதல் மேசையில வச்சு முழு நீளமும் வளைச்சு வளைச்சு மீற்றரில பாத்து, ஒவ்வொரு அங்குலமா அமத்தி ஒவ்வொரு இடத்திலயும் 0 வுக்குக் கிட்ட விழுதா எண்டும் பாத்துத்தான் போட்டது. பாவிச்ச சாமான் எண்டா அதுவும் சப்பளிஞ்சதா இருக்க இடமிருக்கு.

பற்றரி கழட்டிப் பூட்டின பிறகு சில வண்டியளில யூனிட் கதவு எங்க நிக்குது எண்டதை மறந்திடும், இதில கையால ஒருக்கா முழுசாப் பூட்டி விட்டாத் திருப்பிப் படிச்சுக்கொள்ளும். அதைச் செய்யாமல் சுவிச்சை அமத்திப் பாத்திட்டு "இன்னும் வேலை செய்யேல்ல" எண்டு நிக்கக் கூடாது. விளிம்பு உணரியைப் பரிசோதிக்கக் கையை விடாதேங்கோ, கார்ட்போர்ட்டைச் சுருட்டி ரெண்டு கரையிலயும் மேல, நடு, கீழ எண்டு மாத்தி மாத்திப் பிடிச்சன், ஆறு இடத்திலயும் பட்டவுடன திரும்பி ஏறிச்சுது. பிறகு நல்ல வெய்யிலுக்க நிப்பாட்டி வச்சு ஏத்தி இறக்கி, இருண்ட பிறகு லைட் போட்டு கீழ் சுவிச்சால ஏத்தி இறக்கிக் காட்டினது.

போகேக்க அண்ணை ஒண்டு கேட்டார், அவற்ற வீட்டுத் தகரக் கொட்டிலின்ர கூரை பதிஞ்சது, கதவு முழுசா ஏறினா தகரத்தில இடிக்குது, அதால கொட்டிலுக்குள்ள வச்சு எப்பவும் கையால பிடிச்சு நிப்பாட்டிறவராம். அதுக்கு இந்த வண்டியிலயே வழி இருக்கு. வேணுமான உயரத்தில கதவை நிப்பாட்டி கீழ் சுவிச்சைப் பீப் கேக்கும்வரைக்கும் அமத்திப் பிடிச்சா அதுக்கு மேல ஏறாது. கொட்டில் கூரைக்கு ஒரு சாண் குறைய வச்சு விட்டன், அந்த உயரத்தில றபர் குழாயும் முந்தின அளவுக்கு இழுபடாது.